பாய்வள்ளத்தின் பின்புறப் பிளக் ஒழுகினால் புதுப் பிளக் வாங்குவதா?

யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கரையிலிருந்து மண்டைதீவுப் பக்கம் பாய் விரித்து ஓடுகிற 14 அடிப் பைபர் வள்ளம். இரண்டாம் கையாக வாங்கியது. ஒரு மணித்தியாலம் ஓடிவிட்டுக் கரைக்கு இழுத்து, உள்ளே சேர்ந்த தண்ணீரை வடிக்கிற பின்புறப் பிளக்கைத் திறந்தால் இரண்டு வாளி தண்ணீர் வருகிறது. மரையில் ரெஃப்லோன் ரேப் சுற்றியாயிற்று, வெளியே சிலிக்கனும் பூசியாயிற்று, ஒழுக்கு நிற்கவில்லை. "எந்தப் பிளக் வாங்கலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உண்மையான கேள்வி வேறு: இந்தத் தண்ணீர் எந்த வழியால் உள்ளே வருகிறது? அதைக் கண்டுபிடிக்காமல் பிளக்கை மாற்றினால், புதுப் பிளக்கோடும் அதே இரண்டு வாளிதான் வரும்.

முதலில் அந்த இரண்டு வாளியைக் கணக்குப் பார்ப்போம், அதிலேயே பாதி விடை இருக்கிறது. வாளி 10 லீற்றர் என்றால் மணிக்கு 20 லீற்றர். நீர்மட்டத்திலிருந்து 10 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஒரு சதுர மில்லிமீற்றர் துளை இருந்தால் அதால் மணிக்கு ஏறக்குறைய 3 லீற்றர் உள்ளே வரும். ஆகவே உங்களுடையது 6 அல்லது 7 சதுர மில்லிமீற்றர் திறப்பு. அது 3 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு துளை, கிட்டத்தட்ட ஒரு ஸ்குரூத் துளையின் அளவு. இல்லையென்றால் பிளக்கைத் திருகிப் பூட்டுகிற வளையத்தைச் சுற்றி இரண்டு தாள் தடிப்புக்கு ஓர் இடைவெளி. பிளக் சாடையாகக் கசிந்தால் மணிக்கு ஒன்று இரண்டு லீற்றர்தான் சேரும். பிளக்கே இல்லாமல் 25 மில்லிமீற்றர் ஓட்டை முழுதாகத் திறந்து கிடந்தால் நிமிடத்துக்கு 25 லீற்றர் அளவில் கொட்டும். உங்கள் எண்ணிக்கை இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. வளையத்தின் அடியையும் அதைப் பிடிக்கிற ஸ்குரூக்களையும் நான் முதலில் சந்தேகிப்பது அதனால்தான்.

பிளக் என்று நாங்கள் ஒரே பெயரில் சொல்வது மூன்று பாகம். கையால் திருகிக் கழற்றுகிற துண்டு ஒன்று. அதன் கழுத்தில் இருக்கிற ஓ-ரிங் என்கிற வட்ட ரப்பர் இன்னொன்று. பைபர் சுவரில் ஸ்குரூப் போட்டுப் பூட்டியிருக்கிற, மரை வெட்டின பிளாஸ்ரிக் வளையம் மூன்றாவது. தண்ணீர் ஓ-ரிங்கைத் தாண்டி வரலாம், வளையத்துக்கும் பைபருக்கும் இடையால் வரலாம், ஸ்குரூத் துளையால் வரலாம், துளையைச் சுற்றிப் பைபரில் உள்ள வெடிப்பாலும் வரலாம். இந்த நான்கில் புதுப் பிளக் திருத்தக்கூடியது முதலாவதை மட்டும்.

ரெஃப்லோன் ரேப் ஏன் உதவவில்லை என்பதும் இதோடு சேர்ந்தது. குழாய் வேலையில் மரை கூம்பாகப் போகும், இறுக இறுக மரையே தண்ணீரை அடைக்கும், ரேப்புக்கு அங்கே வேலை உண்டு. ஓ-ரிங் வைத்த பிளக்கில் மரை நேரானது. அது பிளக்கை இழுத்துப் பிடிக்க மட்டும்தான். அடைக்கிறது ஓ-ரிங். மரையில் ரேப் சுற்றினால் பிளக் கடைசி அரைச் சுற்றுப் போகாமல் நடுவில் இறுகி நிற்கும், ஓ-ரிங் நசியாது, ஒழுக்கு முன்னரைவிடக் கூடும். அந்த ரேப்பை இன்றைக்கே உரித்துவிடுங்கள். பித்தளைப் பிளக் உள்ள சில வள்ளங்களில் கூம்பு மரை இருக்கும், அதற்கு மட்டும் இரண்டு மூன்று சுற்று ரேப் சரி.

இனி வழியைக் கண்டுபிடிக்கிற வேலை. வள்ளத்தைக் கரையில் பழைய ரயர் இரண்டின் மேல் வைத்து அணியத்தை (முன்பக்கத்தை) உயர்த்துங்கள். பிளக்கைப் பூட்டி, பின்புறத்தை வெளியே ஒரு சீலையால் காயத் துடைத்து, வளையத்தைச் சுற்றி முகத்துக்குப் போடுகிற பவுடரை மெல்லிதாகத் தூவுங்கள். மேல்தட்டில் இருக்கிற வட்ட மூடியைத் திறந்து உள்ளே 10 முதல் 15 லீற்றர் தண்ணீர் ஊற்றுங்கள். உடுப்புக்குப் போடுகிற நீலம் கொஞ்சம் கரைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். பத்து நிமிடம் பார்த்திருங்கள். பிளக்கின் நடுவிலிருந்து நனைந்தால் ஓ-ரிங். வளையத்தின் விளிம்பால் நனைந்தால் வளையத்துக்கு அடியில் பூசின பசை. ஸ்குரூத் தலையைச் சுற்றி நனைந்தால் துளை. இதற்கு மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம். உள்ளேயிருந்து வருகிற பாரத்தைத் தாங்குவதற்கென்று அந்த மெல்லிய பைபர் செய்யப்படவில்லை.

இந்தச் சோதனையில் ஒன்றும் தெரியாவிட்டால் சவர்க்காரத் தண்ணீர்ச் சோதனை. கொம்பிரசர் வைத்திருக்கிற ரயர்க் கடைக்கு வள்ளத்தைக் கொண்டுபோக வேண்டாம். சதுர அங்குலத்துக்கு ஒரேயொரு இறாத்தல் அழுத்தம் என்றால் சிறியதாகத்தான் தெரியும், ஆனால் ஒரு சதுர மீற்றர் மேல்தட்டில் அது 700 கிலோ பாரம். ரயருக்கு அடிக்கிறது அதன் முப்பது மடங்கு. மேல்தட்டும் அடியும் சேர்கிற பொருத்து ஒரு கணத்தில் பிளந்துவிடும். வெயிலை வேலை செய்ய விடுவது நல்ல வழி. காலையில் குளிர் இருக்கும்போதே எல்லாத் துளைகளையும் மூடுங்கள். சில வள்ளங்களில் உட்காரும் குழிக்குள் காற்றுப் போக ஒரு சிறு துளை வைத்திருப்பார்கள், அதற்கும் ரேப் ஒட்டுங்கள். வெயிலில் அரை மணித்தியாலம் விட்டுவிட்டு, பாத்திரம் கழுவுகிற திரவத்தைத் தண்ணீரில் கரைத்துத் தூரிகையால் தடவுங்கள். உள்ளே காற்று விரிந்து, ஓட்டை இருக்கிற இடத்தில் குமிழி எழும்பும். முடிந்தவுடன் பிளக்கைத் திறந்துவிடுங்கள். உள்காற்று 30 பாகையிலிருந்து 50 பாகைக்குச் சூடேறினால், நன்றாக அடைத்த வள்ளத்தில் அதே ஒரு இறாத்தல் அழுத்தம் தானாகவே வந்துவிடும்.

இதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்கிறது. பங்குனி, சித்திரை வெயிலில் பிளக்கைப் பூட்டியபடி மணலில் கிடந்த வள்ளத்தை அப்படியே தண்ணீரில் தள்ளினால் உள்காற்று குளிர்ந்து சுருங்கும். சுருங்கும்போது ஓட்டையால் தண்ணீரை உறிஞ்சும். மேல்தட்டுக்கும் அடிக்கும் இடையிலுள்ள காற்றறை 200 லீற்றர் என்று வைத்துக்கொண்டால், 50 பாகையிலிருந்து 30 பாகைக்கு இறங்கும்போது 12 லீற்றர்வரை உள்ளே இழுக்க இடமுண்டு. உங்கள் 20 லீற்றரில் ஒரு பங்கு இப்படி வந்திருக்கலாம். உறுதியாகத் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு: அடுத்த முறை பிளக்கைத் திறந்தே கரையில் வைத்திருந்து, தண்ணீரில் தள்ளுவதற்குச் சற்று முன் பூட்டிப் பாருங்கள். ஓட்டத்தின் பின் அளவு அரைவாசியாகக் குறைந்தால் உறிஞ்சல்தான் பெரிய காரணம். ஓட்டையை அடைக்க வேண்டிய தேவை அதற்காக இல்லாமல் போகாது. உள்ளே ஈரம் வியர்த்துச் சேர்கிறது என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். 200 லீற்றர் காற்றில் 30 பாகையில் நிற்கக்கூடிய நீராவி முழுவதும் இறங்கினாலும் 6 கிராம், ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் கூட.

ஓ-ரிங்தான் குற்றவாளி என்றால் வேலை லேசு. கழற்றிக் கையில் பாருங்கள். உருண்டையாக இருக்க வேண்டிய ரப்பர் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால், வளைக்கும்போது மெல்லிய வெடிப்புத் தெரிந்தால், அது முடிந்துவிட்டது. உள்விட்டத்தையும் தடிப்பையும் மில்லிமீற்றரில் அளந்து, பழையதையும் கையோடு கொண்டுபோய், மோட்டார் சைக்கிள் பாகங்களோ தண்ணீர் மோட்டரோ விற்கிற கடையில் நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங் கேளுங்கள். தடிப்பில் அரை மில்லிமீற்றர் குறைந்தாலும் அடைக்காது. பூசுவதற்குச் சிலிக்கன் கிரீஸ் மட்டும். எஞ்சின் கிரீஸ் சிலவகை ரப்பரை ஊதவைக்கும், தேங்காயெண்ணெய் பிசினாகி மணலைப் பிடித்து வைக்கும். எங்கள் களக்கடலில் சேற்றிலும் மணலிலும் வள்ளத்தை இழுக்காமல் ஏற்ற முடியாது, ஆகவே ஓ-ரிங்கில் ஒட்டுகிற ஒரு மணற்பருக்கையே ஒழுக்குக்குப் போதும். ஒவ்வொரு முறையும் விரலால் துடைத்துவிட்டுப் பூட்டுங்கள். பிளக் தொலையாமல் இருக்கக் கட்டுகிற நூல் ஓ-ரிங்குக்கு அடியில் மாட்டுப்படுகிறதா என்றும் பாருங்கள், பலர் கவனிக்காமல் விடுகிற காரணம் இது. இறுக்குவது கையால் மட்டும். குறடு பிடித்தால்தான் ஒழுக்கு நிற்கிறது என்றால் ஓ-ரிங் பிழை, குறடு கடைசியில் வளையத்தையே வெடிக்க வைக்கும். புதுப் பிளக் வாங்கத்தான் வேண்டுமென்றால் வளையத்தோடு சேர்த்து ஒரே தொகுதியாக வாங்குங்கள், ஒருவர் செய்த மரை மற்றவருடையதோடு பொருந்துவதில்லை.

உங்கள் வள்ளத்தில் பெரும்பாலும் வளையத்தைக் கழற்றி மறுபடி பூட்ட வேண்டி வரும் என்று நினைக்கிறேன். ஸ்குரூக்களைக் கழற்றும்போது மரையைப் பாருங்கள். கறுத்த, ஈரமான மரத்தூள் ஒட்டிக்கொண்டு வந்தால் பைபருக்கு உள்ளே வைத்த பலகை உக்கத் தொடங்கிவிட்டது. காய்ந்து சுத்தமாக வந்தால் நல்லது. வளையத்தை ஸ்குரூ டிரைவரால் நெம்ப வேண்டாம், மேற்பூச்சு உடைந்து கழரும். மெல்லிய கத்தியை விளிம்பால் சுற்றிவரச் செருகி, பிறகு மெல்லிய கம்பியை அடியால் அறுப்பதுபோல் இழுத்து எடுங்கள்.

அடுத்தது பலரும் அவசரப்படுகிற கட்டம், வேலை நிற்பதும் விழுவதும் இதில்தான். நீங்கள் பூசிய சிலிக்கன் முழுவதும் போக வேண்டும். அது போன இடத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வழுவழுப்புப் படை இருக்கும். அதன் மேல் எப்பொக்சியும் ஒட்டாது, பெயின்ற்றும் ஒட்டாது, ஒழுக்கை அடைக்கிற வேறு சீலன்ற்றும் ஒட்டாது. கத்தியால் வழித்து, 80 இலக்கச் சாண்ட் பேப்பரால் தேய்த்து, அசிற்றோன் நனைத்த வெள்ளைச் சீலையால் ஒரே திசையில் துடையுங்கள். ஒவ்வொரு துடைப்புக்கும் புதுச் சீலைப் பக்கம். ஒரு துளி தண்ணீரை விட்டுப் பாருங்கள்: பரவினால் சுத்தம், முத்தாக உருண்டால் மறுபடி தேயுங்கள். அசிற்றோன் நெருப்புக்குக் கிட்ட ஆகாது, கதவு திறந்த இடத்தில் கையுறையோடு செய்யுங்கள். அதற்கு முன் நல்ல தண்ணீரால் துளையையும் உட்பக்கத்தையும் கழுவிவிட வேண்டும். தீவுப் பக்கம் சில கிணறுகளில் உவர்த் தண்ணீர், அதால் கழுவிப் பயனில்லை. உப்பு மிஞ்சினால் அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், பைபர் காயாது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் நிழலில் மூன்று நான்கு நாள் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடங்காமல் விடுவதே நல்லது.

ஸ்குரூத் துளை தளர்ந்திருந்தால் தீக்குச்சியைச் செருகி மறுபடி ஸ்குரூப் போடுகிற பழக்கம் இருக்கிறது. மரக்குச்சி ஈரத்தை உள்ளே கொண்டுபோகும், செய்ய வேண்டாம். துளையைச் சற்றுப் பெரிதாக்கி, உக்கின மரம் இருந்தால் வளைத்த ஆணியால் கிண்டி எடுத்து, தடிப்பாக்கிய எப்பொக்சியால் நிரப்புங்கள். இரு ரியூப் எப்பொக்சியில் ஐந்து நிமிடத்தில் இறுகுகிற வகையைத் தவிருங்கள், மெல்ல இறுகுகிற வகையே தண்ணீருக்கு நின்றுபிடிக்கும். ஒரு நாள் இறுக விட்டு, 4 மில்லிமீற்றர் ஸ்குரூவுக்கு 3 மில்லிமீற்றர் துளை இடுங்கள். மூன்று ஸ்குரூ உள்ள வட்ட வளையமாக இருந்தால் வளையத்தைச் சற்றுத் திருப்பிப் புது இடத்தில் துளை இடுவது இன்னும் நல்லது. துளையின் வாயைச் சாடையாகச் சரித்து வெட்டுங்கள். மேற்பூச்சு வெடிக்காது, அந்தச் சரிவில் நிற்கிற சீலன்ற் ஸ்குரூவைச் சுற்றி ஒரு சிறு ஓ-ரிங்காகவும் நிற்கும். ஸ்குரூ 316 வகை ஸ்ரெயின்லெஸ் ஆக இருக்கட்டும், சாதாரண 304 உப்புத் தண்ணீரில் கெதியாகக் கறள் பிடிக்கும். பைபர் வெடித்திருந்தால் ஊரில் வள்ளம் திருத்துகிறவர்கள் பாவிக்கிற பொலியெஸ்ரர் ரெசினும் ஆகும். நூறு கிராமுக்கு ஒன்று முதல் ஒன்றரைக் கிராம் ஹாட்னர் (ரெசினை இறுகவைக்கிற திரவம்) எங்கள் வெயிலுக்குப் போதும். ஹாட்னர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், கண்ணாடி போடாமல் தொட வேண்டாம்.

சீலன்ற் எது என்றால், குளியலறைச் சிலிக்கன் அல்ல, குறிப்பாக வினாகிரி மணம் அடிக்கிறது அல்ல. கடல் வேலைக்கான பொலியூறெத்தேன் சீலன்ற் வாங்குங்கள். சிக்காஃபிளெக்ஸ் 291 அந்த வகை. 3எம் 5200 போன்றவை நிரந்தரமாக ஒட்டுகிற பசை. அடுத்த முறை வளையத்தைக் கழற்றினால் பைபரும் சேர்ந்து வரும், இந்த வேலைக்கு அது வேண்டாம். உங்கள் வள்ளம் பைபர் அல்லாமல், அச்சில் வார்த்த பொலித்தீன் வகை பிளாஸ்ரிக்காக இருந்தால் இந்த எதுவும் ஒட்டாது. அதற்கு பியூட்டைல் ரேப் என்கிற பிசுபிசுப்பான ரப்பர் ரேப்பை வைத்து இறுக்குவதுதான் வழி.

துளையைச் சுற்றி மாஸ்கிங் ரேப் ஒட்டி, வளையத்தின் அடியில் 4 மில்லிமீற்றர் தடிப்பில் அறுபடாத ஒரு வட்டமும், ஒவ்வொரு ஸ்குரூத் துளையைச் சுற்றி ஒரு சிறு வட்டமும் போடுங்கள். வைத்து அழுத்தி, ஸ்குரூக்களை மாறி மாறி ஆறுதலாக இறுக்குங்கள். விளிம்பு முழுவதும் ஒரே அளவில் சீலன்ற் பிதுங்கியதும் நிறுத்துங்கள். மேலும் இறுக்கினால் அடியில் ஒன்றும் மிஞ்சாது, மெல்லிய படை வெயிலுக்கும் குளிருக்கும் நீண்டு சுருங்க முடியாமல் அறுந்துபோகும். ஒரு நாள் கழித்துக் கடைசியாக ஒரு கால் சுற்று இறுக்க வேண்டும் என்று ஒரு சாரார் சொல்வார்கள். அப்படித் திருப்பினால் ஸ்குரூவைச் சுற்றிப் பிடித்த சீலன்ற் அறும் என்பது மற்றவர்களின் கட்சி. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. இவ்வளவு சிறிய வளையத்துக்கு ஒரே தடவையில் இறுக்கி விட்டுவிடுவதே என் தெரிவு. இந்த வகைச் சீலன்ற் காற்றிலுள்ள ஈரத்தால் இறுகுவது, நாளுக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் உள்ளே போகும். இரு பக்கமும் அடைபட்ட விளிம்பு 10 மில்லிமீற்றர் அகலம் என்றால் வெளித்தோல் காய்ந்தாலும் நடு காய நாலைந்து நாள் எடுக்கும். ஒரு கிழமை விட்டுத் தண்ணீரில் இறக்குங்கள்.

ஒன்றைப் படமில்லாமல் என்னால் தீர்மானிக்க முடியாது: பின்சுவரின் உட்பலகை எவ்வளவு தூரம் உக்கியிருக்கிறது என்பது. கரண்டிக் காம்பால் துளையைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். கணீரென்ற சத்தம் மழுங்கி, அந்த மழுக்கம் துளையிலிருந்து 5 சென்ரிமீற்றருக்கு அப்பாலும் போனால் வேலை பிளக்கைத் தாண்டிவிட்டது. சுக்கான் அந்தப் பலகையில்தான் தொங்குகிறது, காற்றுப் பிடிக்கும்போது முழு இழுவையும் அதில்தான் விழும். அந்த நிலையில் வள்ளம் திருத்துகிற ஒருவர் நேரில் பார்க்காமல் பாய் ஏற்ற வேண்டாம்.

மர வள்ளம் ஓடிப் பழகின பெரியவர்கள், "தண்ணியில போட்டு ரெண்டு நாள் ஊறவிடு, தானா அடைபடும்" என்று சொல்லக்கூடும். அது அவர்கள் வள்ளத்துக்கு உண்மை. 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை ஓடிய வல்வெட்டித்துறை அன்னபூரணி போன்ற மரக்கப்பல்களில் பலகை ஊறிப் பருக்கும், கலப்பத்து அடித்த (இடைவெளியில் பஞ்சு அடைத்த) பொருத்து இறுகும். பைபர் பருக்காது. அதில் ஊறுவது உள்ளே இருக்கிற பலகை மட்டும், அது பருத்தால் மேலே உள்ள பைபரைப் பிளக்கும்.

திருத்தும்வரை ஓடித்தான் ஆக வேண்டுமென்றால், பின்புறத்தைக் காயவைத்துத் துடைத்து, வளையத்தின் விளிம்பையும் ஸ்குரூத் தலைகளையும் மூடிப் பியூட்டைல் ரேப்பை விரலால் அழுத்தி ஒட்டுங்கள். ஓரிரண்டு ஓட்டத்துக்குத் தாக்குப்பிடிக்கும், பிறகு மண்ணெண்ணெயால் துடைத்தெடுக்கலாம், சிலிக்கன்போல் படை விடாது. பிளக் கடலில் தொலைந்தால் சீலை சுற்றிய கூம்பு மரமுளையைக் கையால் திருகிச் செருகுங்கள். அடித்து இறக்கினால் முளை ஊறிப் பருத்து வளையத்தை வெடிக்க வைக்கும். 20 லீற்றர் என்பது 20 கிலோ, அது உள்ளே அலைந்து, வள்ளம் சரிகிற பக்கமே ஓடிச் சேரும். களக்கடல் ஆழமில்லை என்று நம்பி உயிர்காப்பு அங்கியை விட்டுவிட்டுப் போக வேண்டாம், சேற்றில் கால் ஊன்ற முடியாத இடங்கள் அங்கே நிறைய.

திருத்திய பிறகு ஒவ்வொரு ஓட்டத்திலும் வடிகிற தண்ணீரை ஒரு லீற்றர்ப் போத்தலில் பிடித்து அளந்து, திகதியோடு எழுதி வையுங்கள். மணிக்கு ஒரு கோப்பைக்கு உள்ளே என்றால் விட்டுவிடலாம். லீற்றர்க் கணக்கில் தொடர்ந்தால், கரையோரத்தில் பாயில்லாமல் ஒரு மணித்தியாலம் மிதக்க விட்டு மறுபடி அளந்து பாருங்கள். சும்மா நிற்கும்போதும் அதே அளவு வந்தால் இன்னும் பின்புறத்தில்தான் தேட வேண்டும், சுக்கான் கொளுவிகளின் ஸ்குரூக்களிலிருந்து தொடங்குங்கள். ஓடும்போது மட்டும் வந்தால் பாய்மரக் குழியையும் நடுவில் தண்ணீருக்குள் இறக்குகிற பலகை நிற்கும் பெட்டியின் அடிப் பொருத்தையும் சவர்க்காரத் தண்ணீரால் பாருங்கள்.